மஞ்சள் தாளின் கடைசி வரி

"முழுசா படிச்சுட்டேன். எனக்கு லீவு உண்டா, இல்லையா?"

"அதைத்தானே எழுதியிருக்கேன்."

"எங்க?"

டோர்த்தே தாளில் விரலை வைத்துக் காட்டினாள். ஒரு நீண்ட வாக்கியத்தின் வயிற்றுக்குள், 'உற்பத்தித் திட்டமிடலைக் கருத்தில் கொண்டு' என்பதற்கும் 'ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்' என்பதற்கும் நடுவில், அந்த வருடக் கோடை விடுமுறை ஒரு வாரம் தள்ளிப்போகிற செய்தி இருந்தது.

ட்ரூல்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். தொப்பியிலிருந்து மாவு உதிர்ந்து சைக்கிள் கொட்டகைத் தரையில் விழுந்தது.

"இவ்வளவு பத்திரமா ஒளிச்சு வெச்சிருக்கியே, யாராவது திருட வர்றாங்களா?"

அவளுக்குக் கோபம் வந்தது. பிஸ்கட் தொழிற்சாலையில் ஊழியர்களுக்கான அறிவிப்புகளை எழுதுகிற வேலையில் அவள் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. "அப்ப நீயே எழுதிக்கோ" என்றாள்.

"எனக்கு எழுத வராது. கேட்க வரும். நீ வாசி. எங்க எனக்கு வழி தப்புதோ, அங்க கையைத் தூக்குறேன்."

வாசித்தாள். முதல் வரியிலேயே கை மேலே போனது. பள்ளிக்கூடப் பையனைப்போல முழங்கையை நேராக நீட்டித் தூக்கினான். அவள் கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள்.

"அப்புறம் இன்னொண்ணு. கடைசி வரியில நாங்க என்ன செய்யணும்னு எழுது. அடுப்புக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்கு அது ஒண்ணுதான் மண்டையில நிக்கும். அதையும் நோட்டீஸ் போர்டுல ஒட்டாத. அங்க யாரு பார்க்குறா? கக்கூஸ் கதவுல, உள்பக்கமா ஒட்டு. எங்களுக்கு உட்கார நேரம் கிடைக்கிற ஒரே இடம் அதுதான்."

*

அந்த வருடம்தான் வெள்ளிக்கிழமைத் தாள் பிறந்தது. மஞ்சள் நிறத்தில், ஒரே பக்கத்தில், கழிவறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டப்படும் தாள். தொழிற்சாலையில் அதற்கு வேறு பெயர் இருந்தது; சாப்பாட்டு மேசையில் சொல்லக் கூடாத பெயர். அடுத்த வருடம் டோர்த்தே, ட்ரூல்ஸின் மனைவியானாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மறுநாள் தாளை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள். அவன் கை தூக்காத தாள்தான் கதவுக்குப் போகும். மகள் ரிக்கே பிறந்த வாரத்தில்கூடப் பிரசவ வார்டில் வைத்து வாசித்தாள். தொழிற்சாலைப் படிக்கட்டுக்கு வர்ணம் பூசுகிற விஷயத்தில் இரண்டு இடத்தில் கை எழுந்ததைப் பார்த்து நர்ஸ் பயந்துபோய், என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அந்தக் கை இப்போது போர்வைமேல் கிடந்தது. மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் முழங்கை வரை வழுக்கிப் போய்விடுகிறது என்று அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள்.

கோடையில் வயிற்றுவலி என்று தொடங்கியது. கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது கோடை இன்னும் முடியவில்லை. செப்டம்பரில் டாக்டர்கள் சிகிச்சையை நிறுத்தினார்கள். நகராட்சி கொடுத்த கட்டில், கூடத்தில் ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டது. நர்ஸ் காலையிலும் மாலையிலும் வருகிறாள். ஆர்ஹுஸ் நகரத்தில் படிக்கிற ரிக்கேவுக்கு அப்பா பலவீனமாக இருக்கிறார் என்று மட்டும் தெரியும். டிசம்பர் பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ட்ரூல்ஸ் கேட்டுக்கொண்டான், டோர்த்தேவும் தலையாட்டிவிட்டாள்.

இதெல்லாம் அவர்களால் தாங்க முடிந்தது. தாங்க முடியாமல் இருந்தது வேறொன்று.

யாரும் வரவில்லை.

அடுப்புக் கூடத்தில் ட்ரூல்ஸ் வேலை பார்த்த காலத்தில், அந்த வீட்டில் அழைப்பு மணிக்கு வேலையே இருந்ததில்லை. பின்கதவு வழியாக நுழைந்து, காலணியைக் கழற்றிவிட்டு, கேட்காமலே காபி ஊற்றிக்கொள்கிற ஆட்கள் அவர்கள். பிறந்தநாள் என்றால் அந்த ஊர் வழக்கப்படி விடியற்காலையில் தோட்டத்தில் வந்து நின்று கொடி ஏற்றிப் பாடி எழுப்புவார்கள். அவர்களில் ஒருவன்கூட செப்டம்பருக்குப் பிறகு இந்த வாசல்படி ஏறவில்லை. அதே அடுப்புக் கூடத்தில் வேலை பார்க்கிற ட்ரூல்ஸின் சொந்த அண்ணன் ஹோல்கர்கூட. அவர் ஞாயிறுதோறும் போன் செய்வார். எப்படி இருக்கான் என்று கேட்பார். தூங்குகிறான் என்று டோர்த்தே சொல்வாள். சரி என்பார். அவ்வளவுதான்.

அவர்கள் வீடு தொழிற்சாலைக்கும் ஊருக்கும் நடுவே போகிற சாலையில் இருந்தது. பகல் ஷிப்ட் முடிந்ததும் அத்தனை சைக்கிள்களும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்பெல்லாம் பெல் சத்தமும் கத்தலும் கேலியுமாக இருக்கும். இப்போது அந்த நேரம் வந்தால் சாலையில் ஒரு சத்தமும் இருப்பதில்லை. சக்கரம் உருளும் மெல்லிய ஓசை மட்டும் நெருங்கி வந்து, விலகிப்போகும். ட்ரூல்ஸ் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒருமுறை மட்டும், வெட்கப்படுறாங்க போல என்றான். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

*

இன்று வியாழக்கிழமை. நவம்பரின் கடைசி வாரம். கிறிஸ்துமஸ் டப்பாக்களுக்காக அடுப்புகள் இரவும் பகலும் ஓடுகிற பருவம். மேற்கிலிருந்து காற்று அடித்தால் வெண்ணெய் வாசம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

டோர்த்தே கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது ட்ரூல்ஸ் மூக்கைத் தூக்கினான்.

"ரெண்டாம் அடுப்பு கருக்குது. கடைசிப் பகுதியில சூடு ஏறிடுச்சு. ஹோல்கர்கிட்ட சொல்லு."

"போன் பண்ணிச் சொல்லேன்."

"நீ போறல்ல."

ஹோல்கரிடம், போனில் சொல்கிற அந்தத் 'தூங்குகிறான்' தவிர, ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று அவள் மனசுக்குள் முடிவு செய்து பல வாரங்கள் ஆகிவிட்டன. கருப்பு ரொட்டித் துண்டை அவன் கை எட்டும் இடத்தில் வைத்தாள். தின்னமாட்டான் என்று தெரியும். காபிக் கோப்பையை இன்னும் பக்கத்தில் வைத்தாள். குடிக்க முடியாவிட்டாலும் அதன் வாசம் அவனுக்குப் பிடிக்கும். கிளம்பினாள். பாதி நாள் வேலைக்குப் போய் வா, சாயங்காலம் எனக்குச் சொல்ல ஏதாவது கொண்டு வா என்று அவன்தான் அவளை அனுப்பிக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தில் நிர்வாக இயக்குநர் லிஸ்பெத் அவளுக்காகக் காத்திருந்தாள். கதவைச் சாத்தினாள். லிஸ்பெத் கதவைச் சாத்துகிற பெண்ணல்ல.

ட்ரூல்ஸின் ஷிப்ட் தலைவர் பதவியை இதுவரை காலியாகவே வைத்திருந்தார்கள். இந்தப் பருவத்தில் இனி முடியாது, அடுத்த வாரம் ஒருவரைப் போட்டாக வேண்டும் என்றாள் லிஸ்பெத். அது ஊழியர்களுக்கு நாளைய தாளில் தெரிய வேண்டும். தானே கொஞ்சம் எழுதிப் பார்த்ததாகச் சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினாள். அதில் 'நோயின் நீண்ட பயணம்' இருந்தது. 'புதிய அத்தியாயம்' இருந்தது. 'நம் எண்ணங்கள் அவருடன்' என்று முடிந்தது. ட்ரூல்ஸ் திரும்பி வரமாட்டான் என்பது எங்கேயும் இல்லை.

டோர்த்தே பென்சிலை எடுத்து, பழக்கத்தில், பயணத்தை அடித்தாள். அத்தியாயத்தை அடித்தாள். எண்ணங்களில் வந்ததும் பென்சில் நின்றது. எண்ணத்தில் வைத்திருக்கிறவர்கள் வாசலுக்கு வராமலா இருப்பார்கள் என்று நினைத்தபோது, அவளுக்குக் கண் எரிந்தது.

"வேற யாரையாவது எழுதச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் லிஸ்பெத்.

"வேண்டாம். வேற யாரு எழுதினாலும் ட்ரூல்ஸ் கையைத் தூக்குவான்."

இருவரும் சிரிக்க முயன்றார்கள். லிஸ்பெத் முதலில் தோற்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

காலை இடைவேளையில் உணவுக்கூடத்தில் ஹோல்கர் தனியாக உட்கார்ந்திருந்தார். அகலத் தோள். தம்பியின் அதே காதுகள். ரொட்டிமேல் ஈரல் பசையைத் தடவி, அதன்மேல் வெள்ளரி ஊறுகாயை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு நிதானமாகத் தின்ன முடிகிறதே என்று டோர்த்தேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டாம் அடுப்பு கருக்குதாம். கடைசிப் பகுதி."

ஹோல்கர் நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"உங்க தம்பி. கட்டில்ல படுத்துக்கிட்டே."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். இப்போதுதான் பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சொல்லும்போதே அவர் முகத்தில் ஏதோ மலர்ந்தது. அவன் மூக்கு அப்படியேதான் இருக்குது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த மலர்ச்சியைத்தான் டோர்த்தேவால் பொறுக்க முடியவில்லை.

"மூக்கு அப்படியேதான் இருக்கு, ஹோல்கர். மத்ததெல்லாம் போயிடுச்சு. தினமும் என் வீட்டைத் தாண்டித்தானே போறீங்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள் கதவைத் தட்ட முடியலையா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. ஹோல்கர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேச்சு வராத மனிதர் அவர். மனைவி போனபோதுகூட மூன்று வார்த்தைதான் பேசினார் என்பார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வா" என்றார்.

அவளை அழைத்துக்கொண்டு போனது ஆண்கள் கழிவறைக்கு. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே யார் என்று கேட்டார்.

"நான்தான்" என்று ஒரு குரல் வந்தது.

"வெளிய வா."

"இப்பத்தான் உட்கார்ந்தேன், ஹோல்கர்."

"வந்து அப்புறம் உட்காரு."

சிறிது நேரத்தில் மாவு பிசையும் பிரிவில் வேலை பார்க்கும் வாட்டசாட்டமான ஆள் ஒருவன் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தான். டோர்த்தேவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். காது வரை சிவந்தான். ஏதோ சொல்ல வாய் திறந்து, ட்ரூல்ஸ் என்று மட்டும் சொல்லி, தேவைக்கு மேலே கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

ஹோல்கர் கழிவறைக் கதவின் உள்பக்கத்தை அவளுக்குத் திருப்பிக் காட்டினார்.

இந்த வாரத் தாள் ஓரமாக ஒட்டியிருந்தது. நடுவில் வேறொரு தாள், ஈரம் பட்டு முனை சுருண்டு, மஞ்சள் நிறம் வெளுத்துப்போய். வெள்ளிக்கிழமை வந்தால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவதுதான் வழக்கம். இதை யாரும் கிழிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் புதிய தாளை இதற்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். முனை பிய்ந்த இடத்தில் யாரோ புது டேப் போட்டிருந்தார்கள்.

செப்டம்பர் தாள். ட்ரூல்ஸைப் பற்றி அவள் எழுதியது. ட்ரூல்ஸுக்கு உடம்பு சரியில்லை, சிகிச்சை நின்றுவிட்டது, வீட்டில் இருக்கிறான் என்று மூன்று சின்ன வரிகள்.

"கடைசி வரியைப் படி" என்றார் ஹோல்கர்.

டோர்த்தே படித்தாள். அவளுடைய வரிதான். ஆனால் அதை இந்தச் சொற்களில் எழுதியதாக அவளுக்கு நினைவில்லை. இப்படிப்பட்ட செய்தியின் முடிவில் எல்லோரும் போடுகிற வரி. மற்றவர்கள் எழுதியிருந்தால் அவளே பென்சிலால் அடித்திருப்பாள்.

'இந்த நாட்களில் குடும்பம் அமைதியை விரும்புகிறது. அதை மதியுங்கள்.'

"மதிச்சோம்" என்றார் ஹோல்கர்.

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"நீதானே எங்களுக்குச் சொல்லிக்குடுத்த. கடைசி வரி என்ன சொல்லுதோ அதைச் செய்யணும்னு. கையுறை போடுன்னு இருந்தா போடுவோம். பின்வாசல் வழியா வான்னு இருந்தா அப்படி வருவோம். இதுலயும் அப்படித்தான்."

பிறகு, விட்டு விட்டு, அவர் சொன்னதெல்லாம் டோர்த்தே அறியாதது. அந்தத் தாள் வந்த அன்றே அடுப்புக் கூடத்தில் பேசிக்கொண்டார்களாம். ரொட்டிக்கடை முனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். ட்ரூல்ஸ் வீட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். பெல் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. பாடிக்கொண்டே போகிற ஒருத்தன் உண்டு. அவன்கூட வாயை மூடிக்கொள்கிறான். மழையிலும் இறங்கித்தான் நடந்தார்கள். தற்காலிக ஆட்கள் புதிதாகச் சேர்ந்தால் அவர்களுக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

டோர்த்தே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க சரி. நீங்க அவன் அண்ணன், ஹோல்கர்."

அவர் தரையைப் பார்த்தார்.

"குடும்பம்னு போட்டிருந்த. அதுல நான் சேர்த்தியான்னு தெரியலை. நீ, அவன், பொண்ணுன்னு இருக்கும்னு நெனச்சேன். கேட்கலாம்னு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். தூங்குறான்னு சொல்லுவ. அதுக்கு மேல கேட்கக் கூச்சமா இருந்தது."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் அந்தச் சின்ன இடத்தில் நின்றார்கள். டோர்த்தே அவர் கையைத் தொட்டாள். அந்தக் கையில் சூட்டுத் தழும்புகள் இருந்தன; ட்ரூல்ஸின் கையில் இருக்கிற அதே இடங்களில்.

இன்னைக்கே வாங்க என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருமுறை, அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் அவனுக்காக ஒரு வரி எழுதியாகிவிட்டது. இரண்டாவது முறை அதையே செய்ய அவளுக்குத் துணிவில்லை.

*

வீடு திரும்புகிற வழியில் ரிக்கே போன் செய்தாள். மூச்சுவாங்கப் பேசினாள், எங்கேயோ படியேறிக்கொண்டிருந்தாள். இந்த வார இறுதியில் வரட்டுமா, ரயில் டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று கேட்டாள். பரீட்சையை முடித்துவிட்டு வா என்றாள் டோர்த்தே.

"அப்பா எப்படி இருக்காரு?"

"அப்படியேதான்."

சொல்லிவிட்டு போனை வைத்த பிறகு ரொட்டிக்கடை முனையில் அவள் நின்றுவிட்டாள். அப்படியேதான். இந்த வார்த்தையை யாராவது தாளுக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தால், இதுல என்ன சொல்ல வர்ற என்று அவளே கேட்டிருப்பாள்.

கடைக்கு எதிரே சாலையோரத்தில், காய்ந்த புல் தடம்போல் மிதிபட்டிருந்தது. பல பேர் தினமும் ஒரே இடத்தில் சைக்கிளைவிட்டு இறங்கினால் அப்படித்தான் ஆகும். இவ்வளவு நாளாக அவள் அதன்மேல்தான் நடந்து போயிருக்கிறாள்.

ட்ரூல்ஸ் விழித்திருந்தான். ரொட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. அடுப்பைப் பற்றிச் சொன்னாயா என்று முதலில் கேட்டான். சொன்னேன், அவர் முன்னாலேயே கவனித்துவிட்டார் என்றாள். திருப்தியாகத் தலையை அசைத்தான்.

அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அவளுக்கு வேலை எப்போதும் இப்படித்தான் நடக்கும்: முக்கியமான விஷயம் முதல் வரி. அதை எழுதிவிட்டால் மீதி தானாக வரும். முதல் வரியை எழுத அவளுக்கு ஒரு கெட்டில் காபி ஆயிற்று. பிறகு தாளை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமையா இன்னைக்கு?" என்றான்.

"ஆமா."

"வாசி."

வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

'ட்ரூல்ஸ் வேலைக்குத் திரும்பி வரமாட்டான். அவனுக்குக் குணமாகாது. அவன் இடத்துக்கு அடுத்த வாரம் புதிய ஷிப்ட் தலைவர் வருகிறார். ட்ரூல்ஸிடம் வேலை கற்ற ஒருவர்தான் அவர்.'

போர்வைமேல் கை அசையவில்லை. அவனுக்கு வழி தப்பவில்லை. எல்லாம் புரிந்தது. அவள் தாளை மடியில் வைத்தாள்.

"ட்ரூல்ஸ், செப்டம்பர்ல நான் வாசிச்சேனே. அதுல கடைசி வரி ஞாபகம் இருக்கா?"

"அமைதி" என்றான்.

"அப்ப ஏன் கையைத் தூக்கலை?"

"தூக்கலாம்னுதான் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கிட்டு உட்காரணும்னு உனக்கு இருக்கு, யாரு வந்தாலும் உன்னால தாங்க முடியாதுன்னு நெனச்சேன். நீதானே எல்லாத்தையும் பார்த்துக்குற. உனக்கு வேணும்னா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

டோர்த்தே அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கா? நான் உனக்காக எழுதினேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கு, நடையில இருந்த கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டச் சொன்னியே. இப்படி இருக்கிறப்ப யாரும் உன்னைப் பார்க்க வேண்டாம்னு நீ நினைக்கிறன்னு..."

"கண்ணாடியைத்தான் சொன்னேன், டோர்த்தே. அவங்களைச் சொல்லலை."

அவள் குனிந்து அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். இத்தனை வாரங்கள். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிய அமைதி அது. அதில் ஊரே இறங்கி நடந்திருக்கிறது. அவன் விரல்கள் அவள் தலைமுடிக்குள் மெல்ல வந்தன. கோத முடியாமல், சும்மா அங்கேயே இருந்தன.

"அவங்க மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றான். "பரவாயில்லைன்னு சொல்லிக்கிட்டேன். அடுப்பு ஓடணும் இல்லையா. ஆனா தினமும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடுது."

அந்த நேரம்தான் இப்போது. தொலைவில் ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியது. டோர்த்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செப்டம்பரிலிருந்து பாதி மூடியே இருந்த திரையை முழுவதுமாக விலக்கினாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். அவனுக்குச் சாலை தெரிகிற அளவுக்குத் தலையணைகளை அடுக்கினாள்.

"பாரு."

சாம்பல் நிற வெளிச்சத்தில், ரொட்டிக்கடைப் பக்கமிருந்து, அவர்கள் வந்தார்கள். சைக்கிளில் ஏறி வரவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குளிர்காற்றில் தோளைக் குறுக்கிக்கொண்டு, சங்கிலி சத்தம் போடாமல் இருக்கச் சக்கரத்தை மெதுவாக உருட்டிக்கொண்டு. யாரும் பேசவில்லை. வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜன்னலுக்குள் பார்ப்பதும் மரியாதைக் குறைவு என்பதுபோல. கொஞ்ச தூரம் போய், வளைவில்தான் சைக்கிளில் ஏறினார்கள்.

"ஏன் இறங்கி நடக்குறாங்க?" என்றான் ட்ரூல்ஸ்.

அவள் சொன்னாள். கழிவறைக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிற தாளைப் பற்றி, புது டேப்பைப் பற்றி, முதல் நாளே பாடம் கேட்டுக்கொள்கிற தற்காலிக ஆட்களைப் பற்றி. மாவுப் பிரிவு ஆளைப் பாதியில் எழுப்பிய கதையையும் சொன்னாள். அதற்கு அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நின்றபோது கன்னம் நனைந்திருந்தது.

"மடையனுங்க" என்றான். "மழையிலயுமா?"

"மழையிலயும்."

வரிசையின் கடைசியில் ஹோல்கர் வந்தார். மற்றவர்களைப் போல அவரும் தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஆனால் தோட்டக் கதவுக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்தபடி, வீட்டைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகவும் இல்லை. கதவைத் திறக்கவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அந்த வரி இன்னும் செல்லும்.

டோர்த்தே மீண்டும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தாளைக் கையில் எடுத்தாள்.

"இன்னும் முடியலை" என்றாள். "கடைசி வரியைக் காலியா விட்டிருக்கேன்."

ட்ரூல்ஸ் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போர்வைமேல் கிடந்த கை அசைந்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. முழங்கையை நேராக்க முடியவில்லை. டோர்த்தே அவன் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். இருவருமாகச் சேர்ந்து அதைத் தூக்கினார்கள், அன்று சைக்கிள் கொட்டகையில் அவன் தூக்கிய உயரத்துக்கு.

"எங்க வழி தப்புச்சு?" என்று கேட்டாள்.

"அமைதியில."

அவள் பென்சிலை எடுத்தாள். அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். செப்டம்பரிலிருந்து தொண்டைக்குள் வைத்திருந்ததை ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வைத்தான்.

"வரச் சொல்லு, டோர்த்தே. நான் சாகப் போறேன், அதுக்கு முன்னாடி வந்து என் பக்கத்துல உட்கார்ந்து காபி குடிக்கச் சொல்லு. தாள்ல அவங்களுக்கு. போன்ல ரிக்கேவுக்கு. இப்ப, முதல்ல, கதவைத் திறந்து எங்க அண்ணனுக்கு."